தறி அட்டை முதல் பூனைக்குட்டி வரை: குழந்தைகளுக்குக் கணினி நிரல் வந்த வரலாறு

முன்னுரை

செமஸ்டர் பரீட்சை முடிந்து ஊருக்கு வந்ததும் எழுதுகிற முதல் கட்டுரை இது. சென்ற முறை கல்வெட்டு பற்றி எழுதினேன். இந்த முறை கம்ப்யூட்டர். "உனக்கு ஒரு வரைமுறையே இல்லையா?" என்று வகுப்புத் தோழர்கள் கேட்பது காதில் விழுகிறது. இல்லைதான் :-)

எங்கள் ஊர் தெள்ளார். வந்தவாசியிலிருந்து திண்டிவனம் போகிற சாலையில் இருக்கிறது. வரலாற்றுப் பாடத்தை ஒழுங்காகப் படித்தவர்களுக்குப் பெயர் ஞாபகம் இருக்கும். 9ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் பாண்டியரை வென்ற இடம். அதனால்தான் அவனுக்குத் 'தெள்ளாறெறிந்த நந்திவர்மன்' என்று பட்டப்பெயர். அதற்குப் பிறகு எங்கள் ஊரில் உலகப் புகழ் பெறும்படி எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை!

எங்கள் ஊரில் 'பிளாக்' என்று சொன்னால் எல்லோரும் பி.டி.ஓ. ஆபீசைத்தான் நினைப்பார்கள். தெள்ளார் ஓர் ஊராட்சி ஒன்றியம், ஆங்கிலத்தில் பிளாக். ஆகவே, "பசங்களுக்கு பிளாக் சொல்லித்தரப் போறேன்" என்று வீட்டில் சொன்னபோது, "பி.டி.ஓ. ஆபீஸ்ல வேல கெடச்சிடுச்சா?" என்று பாட்டி சந்தோஷமாகக் கேட்டார். இல்லை பாட்டி, இது வேறு பிளாக். திரையில் வண்ண வண்ணக் கட்டைகளை ஒன்றின் கீழ் ஒன்றாகப் பொருத்தி, கம்ப்யூட்டருக்குக் கட்டளை கொடுக்கிற முறை. கட்டைநிரல் என்று சொல்லலாம்.

கோடை விடுமுறையில் தெருப் பிள்ளைகள் நாலு பேருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க முயன்றேன். அப்போது என் தாத்தா சொன்ன ஒரு வார்த்தைதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் வரலாறு.

அட்டையில் எழுதிய கட்டளை

கம்ப்யூட்டர் வரலாற்றை மின்சாரத்திலிருந்து தொடங்குவார்கள். நான் தறியிலிருந்து தொடங்குகிறேன். ஆரணிப் பக்கம் பிறந்துவிட்டு வேறு எங்கிருந்து தொடங்குவது?

பட்டுச் சேலையில் ஒரு மாங்காய்ப் புட்டா வர வேண்டும் என்றால், ஊடை நூல் ஒவ்வொரு முறை குறுக்கே போகும்போதும், பாவு நூல்களில் சில மட்டும் மேலே தூக்கப்பட வேண்டும். எந்த நூல் தூக்க வேண்டும், எது கீழே இருக்க வேண்டும் என்பது ஒவ்வொரு வரிசைக்கும் மாறும். பழைய காலத்தில் இதற்கென்றே ஒரு ஆள், பெரும்பாலும் ஒரு சிறுவன், தறியோடு இருந்து நூல்களை இழுத்துக் கொடுப்பான். பிரான்சிலும் அப்படித்தான், நம் ஊரிலும் அப்படித்தான். நெய்பவர் சொல்லச் சொல்ல, நாள் முழுக்க இழுப்பது அவன் வேலை.

பிரான்சில் லியோன் என்பது ஒரு பட்டு நகரம். அந்த ஊர் ஆரணி என்று வைத்துக்கொள்ளுங்களேன். அங்கே 1725இல் பசில் பூஷோன் என்பவர் துளையிட்ட காகிதச் சுருளை வைத்து நூல்களைத் தேர்ந்தெடுக்கும் வழியைக் கண்டுபிடித்தார். சில ஆண்டுகளில் ஃபால்கன் என்பவர் காகிதச் சுருளுக்குப் பதில் அட்டைகளைக் கோத்தார். இவற்றையெல்லாம் சேர்த்து, ஒரே ஆள் ஓட்டக்கூடிய முழுமையான கருவியாக்கியவர் ஜோசப் மரி ஜக்கார்டு (1752–1834). அவரும் நெசவாளி மகன். 1801இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு தறியைக் காட்டினார். 1804இல் இன்று அவர் பெயரால் வழங்கும் கருவி உருவானது. நம் ஊர் நெசவாளர்கள் 'ஜக்காடு' என்று சொல்வது அவர் பெயரைத்தான்!

அது வேலை செய்யும் விதம் ரொம்ப எளிது. ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. அட்டையில் துளை இருந்தால் ஊசி உள்ளே நுழையும், கொக்கி மேலே போகும், பாவு நூல் தூக்கும். துளை இல்லாவிட்டால் ஊசி தள்ளப்படும், நூல் கீழேயே இருக்கும். அவ்வளவுதான். இருக்கு, இல்லை. ஒன்று, பூஜ்யம். நூற்றுக்கணக்கான அட்டைகளை வரிசையாக நூலால் கோத்து, கடைசி அட்டையை முதல் அட்டையோடு சேர்த்துக் கட்டிவிட்டால், புட்டா முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

சி மொழி படித்தவர்கள் இந்த இடத்தில் சிரிக்கலாம். அதுதான் நாம் லேபில் எழுதுகிற 'லூப்'.

தறியிலிருந்து கணக்குக்கு

இந்த அட்டையைப் பார்த்து ஆங்கிலேயர் ஒருவர் யோசித்தார். பூவை நெய்கிற அட்டை, கணக்கை ஏன் போடக்கூடாது? அவர் சார்லஸ் பாபேஜ். 1830களில் அவர் திட்டமிட்ட 'அனலிட்டிகல் எஞ்சின்' இயந்திரத்துக்குக் கட்டளைகளை ஜக்கார்டு அட்டை மாதிரியான அட்டைகளில் கொடுப்பதாக ஏற்பாடு. 24,000 அட்டைகள் கொண்டு பட்டில் நெய்யப்பட்ட ஜக்கார்டின் உருவப்படம் ஒன்றை பாபேஜ் வைத்திருந்தார். வந்தவர்களுக்குக் காட்டி, இது ஓவியமா நெசவா என்று கேட்பாராம். எஞ்சினோ முழுமையாகக் கட்டப்படவே இல்லை. ஆனால் 1843இல் அதைப் பற்றிக் குறிப்புகள் எழுதிய அடா லவ்லேஸ், தறி பூவும் இலையும் நெய்வதைப் போல இந்த இயந்திரம் கணிதத்தை நெய்யும் என்ற பொருளில் எழுதினார்.

பிறகு 1890இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை ஹெர்மன் ஹாலரித் துளை அட்டைகளால் கணக்கிட்டார். அவர் தொடங்கிய நிறுவனம் பின்னாளில் ஐ.பி.எம். ஆனது. 1970கள் வரைக்கும் கம்ப்யூட்டர் என்றாலே அட்டைக் கட்டுதான். நம் கல்லூரிகளிலேயே வயதான பேராசிரியர்கள் சிலர், அட்டைக் கட்டு கையிலிருந்து நழுவி வரிசை கலைந்துபோன சோகக் கதையைச் சொல்வார்கள்.

சரி, இதில் குழந்தைகள் எங்கே வந்தார்கள்?

ஆமை வந்த கதை

சைமூர் பேப்பர்ட் 1928இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் பிறந்தவர், கணித அறிஞர். 1958 முதல் 1963 வரை ஜெனீவாவில் ழான் பியாஜே என்ற உளவியல் அறிஞரோடு பணியாற்றினார். குழந்தை ஒன்றும் காலிக் குடம் இல்லை, தானே செய்து பார்த்துத் தன் அறிவைத் தானே கட்டுகிறது என்பது பியாஜே சொன்னதன் சாரம். பிறகு பேப்பர்ட் எம்.ஐ.டி.க்குப் போனார். (நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லைங்க, அமெரிக்காவில் மாசசூசெட்ஸ்!)

1967இல் வாலி ஃபோயர்சைக், சிந்தியா சாலமன், பேப்பர்ட் முதலியோர் சேர்ந்து குழந்தைகளுக்கென்றே ஒரு கணினி மொழியை உருவாக்கினார்கள். அதன் பெயர் 'லோகோ'. அப்போது ஒரு கம்ப்யூட்டர் ஓர் அறை அளவு. அதைத் தொடுவதற்குப் பெரிய பெரிய விஞ்ஞானிகளே வரிசையில் நின்ற காலம். அந்த மிஷினைப் பள்ளிக்கூடப் பையனிடம் கொடுக்கலாம் என்று சொன்னால் எப்படி இருந்திருக்கும்? கிறுக்கு என்றுதான் நினைத்திருப்பார்கள்.

முதலில் லோகோவில் படமே கிடையாது. சொற்களை வைத்து விளையாட்டுதான். பிறகுதான் ஆமை வந்தது. முதலில் தரையில் ஊர்கிற ஒரு சின்ன ரோபோ, பிறகு திரையில் ஒரு முக்கோணம். ஆமையிடம் "முன்னே 100, வலப்பக்கம் 90" என்று நாலு தடவை சொன்னால் சதுரம் வரைந்துவிடும். "முன்னே 1, வலப்பக்கம் 1" என்று 360 தடவை சொன்னால் வட்டம்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். வட்டம் என்றால் என்ன என்று நம்மிடம் கேட்டால், 'ஒரு புள்ளியிலிருந்து சம தூரத்தில்' என்று மனப்பாடமாக ஒப்பிப்போம். ஆனால் ஆமையை வைத்து விளையாடுகிற குழந்தை எழுந்து நின்று, தானே ஆமையாக நடந்து பார்க்கும். ஒரு அடி, கொஞ்சம் திரும்பு, ஒரு அடி, கொஞ்சம் திரும்பு. வட்டம் காலுக்குப் புரிந்துவிடும். தப்பாகப் போனாலும் அடி விழாது. எங்கே தப்பு என்று தேடித் திருத்த வேண்டியதுதான். பள்ளியில் தப்பு என்றால் மார்க் போய்விடும். இங்கே தப்புதான் பாடம்.

பேப்பர்ட் 1980இல் 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' என்ற புத்தகத்தில் இதையெல்லாம் எழுதினார். பள்ளிகளில் கம்ப்யூட்டர் குழந்தையை நிரல்படுத்திக்கொண்டிருக்கிறது, குழந்தை அல்லவா கம்ப்யூட்டரை நிரல்படுத்த வேண்டும் என்பது அவர் வாதம். இந்தக் கருத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், தாத்தா வரும்போது தேவைப்படும். பேப்பர்ட் 2016இல் காலமானார்.

எழுதத் தெரியாத பிள்ளைக்கு நிரல்

லோகோவில் ஒரு சிக்கல். டைப் அடிக்கத் தெரிய வேண்டும், எழுத்துக்கூட்டத் தெரிய வேண்டும். நாலு வயதுப் பிள்ளை என்ன செய்யும்?

இதற்கு விடை தேடியவர் ரேடியா பெர்ல்மன் என்ற மாணவி. 1970களின் நடுவில் எம்.ஐ.டி.யில் அவர் இரண்டு கருவிகள் செய்தார். ஒன்று பொத்தான் பெட்டி. பொத்தானை அழுத்தினால் ஆமை நகரும். இன்னொன்று செருகு பெட்டி. 'முன்னே போ', 'திரும்பு' என்று படம் போட்ட பிளாஸ்டிக் அட்டைகளைப் பெட்டியின் இடைவெளிகளில் வரிசையாகச் செருகி, பொத்தானை அழுத்த வேண்டும். ஆமை வரிசைப்படி ஒவ்வொன்றாகச் செய்யும். பள்ளிக்கே போகாத குழந்தைகள் இதில் நிரல் 'எழுதினார்கள்'.

பார்த்தீர்களா, மறுபடி அட்டை! லியோன் தறியில் தொடங்கிய அட்டை, 170 வருடம் சுற்றிவிட்டு ஒரு குழந்தையின் கைக்கு வந்து சேர்ந்தது. இன்றைய கட்டைநிரலுக்கு நேரான பாட்டி இந்தச் செருகு பெட்டிதான் என்பது என் கருத்து. பெர்ல்மன் பிறகு வேறு துறைக்குப் போய், இன்று நம் கல்லூரி நெட்வொர்க் பாடத்தில் வருகிற 'ஸ்பேனிங் ட்ரீ' முறையை 1985இல் கண்டுபிடித்தார். சுற்றிலும் ஆண்களே இருந்த இடத்தில், குழந்தைகளோடு செய்த வேலை என்றால் தன்னை விஞ்ஞானியாக மதிக்க மாட்டார்களோ என்று அப்போது தயங்கியதாகப் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது சின்ன வேலை என்ற எண்ணம் எல்லா ஊரிலும் உண்டு போலிருக்கிறது.

தாம்பரத்தில் ஒரு கோலம்

இதே காலத்தில் நம் தமிழ்நாட்டில் என்ன நடந்தது? தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி என்ற பேராசிரியர் இருந்தார். அவரும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் சேர்ந்து, வாசலில் போடுகிற கோலத்தைக் கணினி அறிவியலுக்குள் கொண்டு வந்தார்கள். கோலங்களை விதிகளாக எழுத முடியுமா என்ற ஆராய்ச்சி. 1974இல் அவர்களுடைய ஆய்வுக்கட்டுரை வெளிநாட்டு இதழில் வெளிவந்தது. பின்னாளில் வெளிநாட்டு ஆய்வாளர்கள் ஆமைக் கட்டளைகளை வைத்தே கோலம் வரைந்து காட்டினார்கள்.

யோசித்துப் பாருங்கள். புள்ளி வைத்து, கையை எடுக்காமல் ஒரு வளைவு, ஒரு திருப்பம், மறுபடி அதே வளைவு, நாலு பக்கமும் அதே மாதிரி. இது லோகோ நிரல் இல்லாமல் வேறு என்ன? எங்கள் பாட்டிக்கு இன்றைக்கும் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். ஆனால் மார்கழியில் 21 புள்ளிக் கோலத்தை ஒரு தப்பில்லாமல் போட்டுவிடுவார்.

பூனைக்குட்டி பிறந்தது

எம்.ஐ.டி.க்குத் திரும்புவோம். பேப்பர்டோடு பணியாற்றிய மிட்செல் ரெஸ்னிக் அங்கே ஒரு குழு நடத்தினார். பொம்மைக் கட்டைகள் செய்கிற லெகோ நிறுவனத்தோடு அவர்களுக்கு 1980களிலிருந்தே தொடர்பு. கட்டையைக் கட்டையோடு பொருத்துவது போல, கட்டளையைக் கட்டளையோடு பொருத்தினால் என்ன? 1996இல் ஆண்ட்ரூ பெகல் என்ற மாணவர் 'லோகோ பிளாக்ஸ்' என்று ஒன்றைச் செய்து பார்த்தார். அந்த வழியில் வந்ததுதான் 'ஸ்கிராட்ச்'. 2007இல் பொதுமக்களுக்கு இலவசமாக வெளியானது. திரையைத் திறந்தால் ஆரஞ்சு நிறப் பூனைக்குட்டி நிற்கும். ஆமை போய்ப் பூனை வந்தது.

கட்டைகளில் என்ன விசேஷம்? அவற்றின் வடிவம்தான் இலக்கணம். பொருந்தக்கூடிய கட்டைதான் பொருந்தும், பொருந்தாதது ஒட்டாது. நாம் முதல் வருடம் சி லேபில் ஒரு அரைப்புள்ளியை விட்டுவிட்டு, 14 பிழை என்று மிஷின் திட்டியதும் முழித்தோமே, அந்தத் தொல்லை குழந்தைக்கு இல்லை. அது யோசிக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அடுத்து என்ன நடக்க வேண்டும்?

'திரும்பத் திரும்பச் செய்' என்ற கட்டை கொக்கி மாதிரி இருக்கும், அதன் வாய்க்குள் மற்றக் கட்டைகளை வைக்க வேண்டும். 'இப்படி இருந்தால்' என்ற கட்டையும் அப்படியே. வரிசை, சுற்று, நிபந்தனை. உலகத்தில் உள்ள எல்லா நிரலும் இந்த மூன்றின் மேல்தான் நிற்கிறது.

பிறகு கிளைகள் பல. கூகுள் 2012இல் 'பிளாக்லி' என்ற கட்டை நூலகத்தை வெளியிட்டது. இன்றைய ஸ்கிராட்ச் (2019இல் வந்த மூன்றாம் பதிப்பு) அதன் மேல் கட்டப்பட்டதுதான். 2014இல் 5 முதல் 7 வயதுக்கென 'ஸ்கிராட்ச் ஜூனியர்' வந்தது. டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் மரினா பெர்ஸும் ரெஸ்னிக் குழுவும் சேர்ந்து செய்தது. அதில் கட்டைகளில் எழுத்தே கிடையாது, அம்புக்குறியும் படமும் மட்டும்தான். படிக்கத் தெரியாத பிள்ளையும் போடலாம். ஸ்கிராட்சில் கணக்குத் திறந்தவர்கள் எண்ணிக்கை 10 கோடியைத் தாண்டிவிட்டது.

நம் நாட்டுக்கு வந்த வழி

இந்தியாவில் பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் வந்தது 1984இல், 'கிளாஸ்' என்ற மத்திய அரசுத் திட்டத்தில். முதலில் 250 பள்ளிகளுக்கு இங்கிலாந்தின் பிபிசி மைக்ரோ கணினிகள் வந்தன. பிறகு தனியார் பள்ளிகளில் லோகோ ஆமை ஊர்ந்தது. 2007இல் மகாராஷ்டிராவின் கைராட் என்ற சிற்றூரில் 'குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' திட்டத்தின் சோதனை நடந்தது. அந்தத் திட்டத்துக்குப் பின்னாலும் பேப்பர்டின் எண்ணம்தான். ஐ.ஐ.டி. பம்பாய் பேராசிரியர் ஸ்ரீதர் ஐயர் குழுவின் 'கம்ப்யூட்டர் மஸ்தி' பாடநூல்கள் தொடக்கப் பள்ளியிலேயே ஸ்கிராட்சைச் சொல்லிக்கொடுத்தன. கேரளத்தில் 2018இல் தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' மாணவர் மன்றங்களிலும் ஸ்கிராட்ச் உண்டு.

தமிழ்நாட்டில் 2019இல் வந்த புதிய பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் கடைசிப் பாடத்தில் ஸ்கிராட்ச் வந்துவிட்டது. சந்தோஷம். ஆனால் எப்போது வந்தது பாருங்கள், பத்தாம் வகுப்பில், கடைசிப் பாடமாக! பப்ளிக் எக்ஸாம் ஜுரத்தில் யார் பூனையை நகர்த்துவது? எங்கள் வகுப்பில் 'ஸ்கிராட்ச் என்றால் என்ன?' என்பதை இரண்டு மதிப்பெண் கேள்வியாக மனப்பாடம் செய்தோம். பூனையை நான் முதன்முதலில் பார்த்தது காலேஜுக்கு வந்த பிறகுதான். நீச்சலைப் பற்றி இரண்டு மார்க் பதில் எழுதினால் கிணற்றில் மிதக்க முடியுமா?

2020இல் வந்த தேசிய கல்விக் கொள்கை, ஆறாம் வகுப்பிலிருந்து நிரலாக்கம் என்றது. 2021இல் சி.பி.எஸ்.இ. அதைப் பாடமாக்கியது. நம் மாநில அரசுப் பள்ளிகளிலும் 6 முதல் 9 வரையான வகுப்புகளுக்கு 'டி.என். ஸ்பார்க்' என்ற திட்டம் 2025இல் வந்தது. இடையில் கொரோனா காலத்தில் ஒரு கூத்தும் நடந்தது. ஆறு வயதுக்குள் கோடிங் கற்காவிட்டால் பிள்ளையின் எதிர்காலமே போச்சு என்கிற மாதிரி விளம்பரங்கள். 2020இல் விளம்பரத் தரக் கவுன்சில் தலையிட்டுச் சில விளம்பரங்களை நீக்க வைத்தது. இலவசமாகக் கிடைக்கிற பூனையை ஆயிரக்கணக்கில் விற்றார்கள், பயந்துபோன பெற்றோர் வாங்கினார்கள். குழந்தை விளையாடக் கண்டுபிடித்த ஒன்றைப் பயம் காட்டி விற்றதைப் பேப்பர்ட் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

இன்னொரு தடை மொழி. இதற்கும் நம் ஆட்கள் சும்மா இருக்கவில்லை. முத்து அண்ணாமலை என்பவர் உருவாக்கிய 'எழில்' என்ற மொழியில் தமிழிலேயே நிரல் எழுதலாம். 'பதிப்பி', 'ஆனால்', 'முடி' என்றெல்லாம் கட்டளைகள். பிளாக்லி கட்டைகளின் சொற்களையும் தன்னார்வலர்கள் தமிழாக்கியிருக்கிறார்கள். கம்ப்யூட்டரே இல்லாமல் காகிதமும் விளையாட்டும் வைத்து இந்தச் சிந்தனையைச் சொல்லிக்கொடுக்க 2016இல் தொடங்கிய 'சி.எஸ். பாடசாலை' என்ற இயக்கமும் இருக்கிறது. இந்தக் கடைசி வழிதான் எனக்குக் கைகொடுத்தது.

எங்கள் வீட்டுத் திண்ணையில்

இப்போது சொந்தக் கதை. அக்காவுக்குப் பிளஸ் டூ படிக்கும்போது கிடைத்த அரசு மடிக்கணினி வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. புதிய ஸ்கிராட்சைப் போட்டால் திணறியது, பழைய 1.4 பதிப்பைப் போட்டேன், ஓடியது. திண்ணையில் நாலு பிள்ளைகள். மூன்றாம் வகுப்பு இரண்டு, நான்காம் வகுப்பு ஒன்று, ஐந்தாம் வகுப்பு ஒன்று.

முதல் நாள் படுதோல்வி. நாலு பேருக்கு ஒரு மவுஸ், ஒரே சண்டை. பூனையின் நிறத்தை மாற்றுவதும் 'மியாவ்' சத்தம் போடுவதும்தான் நடந்தது. கட்டைகளில் இருந்த ஆங்கிலச் சொற்களை நான் ஒவ்வொன்றாக மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வகுப்புப் பையன் மூன்றாம் நாளிலிருந்து வரவில்லை. அவன் அப்பா அம்மா வேலைக்குப் பெங்களூர் போகும்போது அவனையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

நாலாம் நாள் கரண்ட் இல்லை. வீட்டில் கிடந்த பழைய கல்யாணப் பத்திரிகைகளைக் கத்தரித்து, பின்பக்கம் தமிழில் கட்டளை எழுதினேன். 'ஓரடி போ', 'வலப்பக்கம் திரும்பு', 'கை தட்டு'. ஒரு பிள்ளை அட்டைகளை வரிசையாக வைக்க, இன்னொரு பிள்ளை பூனையாகி நடக்க வேண்டும். இது பிடித்துப்போய்விட்டது. தெருவே சிரித்தது.

'திரும்பத் திரும்பச் செய்' என்பதை மட்டும் என்னால் புரியவைக்க முடியவில்லை. சதுரம் நடக்க எட்டு அட்டை வேண்டும் என்று எதிர்வீட்டு நான்காம் வகுப்புப் பெண் ஒரே பிடிவாதம். இரண்டே அட்டையில் முடியும் என்றால் நம்பவில்லை.

கட்டிலில் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்த தாத்தா எழுந்து வந்தார். "இன்னாடா இது, ஜக்காடு அட்ட மாதிரி கீது?" என்றார். ஒரு கோணி ஊசியும் நூலும் எடுத்தார். இரண்டு அட்டைகளையும் கோத்தார். பிறகு கடைசி அட்டையை முதல் அட்டையோடு முடிச்சுப் போட்டார். விரலில் மாட்டிச் சுற்றினார். ஓரடி போ, திரும்பு, ஓரடி போ, திரும்பு...

அந்தப் பெண் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அப்ப நிக்கவே நிக்காதே தாத்தா?"

"நீ நிறுத்துன்னு சொல்ற வரைக்கும் நிக்காது பாப்பா" என்றார்.

"அப்போ நாலு தபா சுத்தனதும் நிறுத்தணும்" என்றாள். அவ்வளவுதான், சுற்றும் புரிந்தது, நிபந்தனையும் புரிந்தது. நான் மூன்று நாள் கத்தியது வீண்!

ராத்திரி தாத்தா சொன்னார். அவர் ஒன்பது வயதில் ஆரணியில் ஒரு தறியில் உட்கார்ந்தவர். அவருடைய அப்பா வாங்கிய முன்பணத்துக்காக. கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா வேண்டும், நெய்பவருக்கு இருப்பது இரண்டே கை. பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைப் போட்டுக் கொடுப்பது சிறுவன் வேலை. காலையில் குழியருகே உட்கார்ந்தால் இருட்டும் வரை. பள்ளிக்கூடம் அதோடு முடிந்தது. தலைக்கு மேல் அட்டை சுற்றிக்கொண்டே இருக்குமாம்.

"அந்த அட்டய யாரு குத்தறாங்கன்னு எங்களுக்குத் தெரியாதுடா. வரும், மாட்டுவாங்க. அது சொல்ற மாதிரி நாங்க கையை ஆட்டணும். ஒரு நாளாவது நம்மளே ஒரு அட்ட குத்திப் பாக்கணும்னு ஆசை. யாரு விடுவாங்க?"

பேப்பர்ட் ஒரு புத்தகம் எழுதிச் சொன்னதைத் தாத்தா ஒரு வரியில் சொல்லிவிட்டார் என்று எனக்குப் பட்டது.

முடிவுரை

ஜக்கார்டு கருவி வந்ததும் நூல் இழுக்கும் சிறுவன் தேவைப்படவில்லை என்று புத்தகங்கள் சொல்கின்றன. நம் ஊரில் அது வந்த பிறகும் சிறுவர்கள் தறியில்தான் இருந்தார்கள், வேறு வேலைக்கு. கருவி மட்டும் மாறினால் குழந்தைக்கு விடுதலை வந்துவிடாது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது, சத்துணவும் பள்ளிகளும் வந்தன, பலர் போராடினார்கள். அதனால்தான் என் தலைமுறை தறிக்குழிக்குப் போகாமல் காலேஜுக்கு வந்தது.

கோடிங் கற்ற எல்லாப் பிள்ளைகளும் சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கட்டைகளை இழுத்துப் போடுவதே அறிவு என்றும் சொல்லவில்லை. யோசிக்காமல் இழுத்துப் போடுகிற பிள்ளைகளும் உண்டு, அதையும் திண்ணையில் பார்த்தேன். ஆனால் இன்றைக்கு நம்மைச் சுற்றி எல்லாமே ஏதோ ஓர் அட்டை சொல்கிறபடிதான் நடக்கிறது. ஃபோனில் எந்த வீடியோ வர வேண்டும் என்பது வரை. அந்த அட்டையை யாரோ குத்துகிறார்கள், அதை மாற்றிக் குத்தவும் முடியும் என்பதாவது ஒரு பிள்ளைக்குத் தெரிய வேண்டாமா? பணம் கட்டுகிற வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் அது தெரிந்தால் போதுமா?

விடுமுறை முடிந்து நான் கிளம்பும்போது, எதிர்வீட்டுப் பெண் கல்யாணப் பத்திரிகை அட்டைகளைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். போன வாரம் அம்மா ஃபோனில் சொன்னார்கள், அவள் இப்போது தெருவில் தன் தம்பியைப் பூனையாக்கி நடக்கவிடுகிறாளாம். கூடவே அட்டைக்குக் கோத்துக் கொடுக்க தாத்தாவும் உட்கார்ந்திருக்கிறாராம். இந்த முறை அட்டையில் என்ன எழுதுவது என்று தாத்தாதான் சொல்கிறாராம்.

உங்கள் வீட்டிலும் பழைய கல்யாணப் பத்திரிகை இருக்கும். ஒரு கத்தரிக்கோல் எடுங்கள், தெருப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். மீண்டும் அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.